ஒளுவில் ஓயாத சந்தேகம்: குற்றமா, வியாதியா?

ஒரு சகோதரி எழுதிய கடிதமே இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவருடைய கணவருக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் பலமாக அடிபட்டு, சில நாட்கள் நினைவு தப்பிக் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்து எழுந்தவர். கடைக்குப் போகிறார், கணக்குப் பார்க்கிறார், பிள்ளைகளோடு சிரித்துப் பேசுகிறார். ஆனால் வீடு திரும்பிய சில மாதங்களில் புதிதாக ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. ஃபஜ்ருக்கு ஒளுச் செய்ய உட்கார்ந்தால் சூரியன் உதிக்கும் வரை எழுந்திருப்பதில்லை. முழங்கையில் தண்ணீர் பட்டதா என்று மனைவியைக் கேட்கிறார். பட்டது என்று அவர் சொன்னால் திரும்பவும் கழுவுகிறார். தக்பீர் கட்டுகிறார், அவிழ்க்கிறார், மறுபடியும் கட்டுகிறார். விபத்துக்கு முன் அவரிடம் இந்தப் பழக்கம் இருந்ததே இல்லை. பள்ளிவாசலில் பெரியவர்கள், "ஈமான் பலவீனம், ஷைத்தானுக்கு இடம் கொடுத்துவிட்டார்" என்று பேசிக்கொள்கிறார்களாம். அந்தச் சகோதரி இரண்டு கேள்விகள் கேட்கிறார். இது ஷைத்தானின் வேலையா, தலையில் பட்ட அடியின் வேலையா? அடியின் வேலைதான் என்றால், என் கணவர் அல்லாஹ்விடத்தில் குற்றவாளியா?

முதல் கேள்விக்கு டாக்டர்கள் ஓரளவு பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்வி நம்முடையது. ஆனால் முதலாவதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாவதற்கு வாய் திறப்பது நியாயமல்ல. நம்மில் பலர் அப்படித்தான் திறந்துகொண்டிருக்கிறோம்.

ஓயாத சந்தேகமும், அதைத் தீர்ப்பதற்காகத் திரும்பத் திரும்ப ஒரே காரியத்தைச் செய்வதும் சேர்ந்து மனிதனை வாட்டும்போது அதை டாக்டர்கள் 'அப்செஸிவ் கம்பல்ஸிவ் டிஸார்டர்' என்கிறார்கள், சுருக்கமாக ஓ.சி.டி. நூறு பேரில் இரண்டு பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இது வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் வருவதல்ல. கர்த்தரை நம்புகிறவனுக்கும் வருகிறது, கடவுளே இல்லை என்பவனுக்கும் வருகிறது. ஒருவன் ஒளுவைத் திரும்பச் செய்கிறான், இன்னொருவன் அடுப்பை அணைத்தோமா என்று பத்துமுறை எழுந்து போய்ப் பார்க்கிறான், வேறொருவன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் பாதித் தெரு போன பிறகும் திரும்பி வருகிறான். வியாதி ஒன்றுதான். அவரவருக்கு எது பெரிதோ அதில் வந்து அது உட்கார்ந்துகொள்கிறது. தொழுகையை மதிக்கிறவனுக்குத் தொழுகையில் வருகிறது. இதை 'ஈமான் பலவீனம்' என்று சொல்லுமுன் சற்று யோசிக்க வேண்டும்.

இந்த வியாதி மூளையின் காயத்தாலும் வரலாம் என்பதற்குச் சரித்திரத்தில் துக்ககரமான சான்றுகள் உண்டு. முதல் உலக யுத்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விநோதமான மூளைக்காய்ச்சல் பரவியது. வியன்னா நகரில் கான்ஸ்டன்டின் வான் எக்கனாமோ என்ற மருத்துவர் 1917-இல் அதை விவரித்து எழுதினார். நோயாளிகள் நாள்கணக்கில் தூங்கிக்கொண்டே இருந்ததால் அதற்குத் தூக்கக் காய்ச்சல் என்று பெயர் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் உலகின் பல பாகங்களிலும் சுற்றிவிட்டு அது அடங்கியது. பிழைத்தவர்களில் பலருக்குப் பிற்பாடு கைகால் நடுக்கமும் விறைப்பும் வந்தன. சிலருக்கு இன்னொன்றும் வந்தது. கண்விழிகள் தாமாக மேல்நோக்கிச் செருகிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அந்த நேரமெல்லாம் ஒரே எண்ணம் மனத்தில் வலுக்கட்டாயமாகச் சுழலும். எண்ணாதே என்றாலும் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். காய்ச்சலுக்கு முன் அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். காய்ச்சல் தாக்கியது மூளையை. மாறியது எண்ணத்தின் போக்கு.

பிற்காலத்தில் மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்தன. பாரிஸில் டொமினிக் லாப்லான் என்பவரும் அவருடைய சகாக்களும் 1989-இல் எட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூச்சுத் தடைப்பட்டோ, நஞ்சு ஏறியோ மூளையின் ஆழத்தில் இருபுறமும் சேதமடைந்தவர்கள் அவர்கள். குளவி கொட்டியதால் மூளை பாதிக்கப்பட்டவரும் அவர்களில் உண்டு. அறிவு பெரிதாகக் கெடவில்லை. ஆனால் மனத்துக்குள் எண்களை எண்ணிக்கொண்டே இருப்பது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது போன்றவை அந்த நோயாளிகளிடம் காணப்பட்டன.

குழந்தைகள் விஷயம் நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமித் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் அது வாதக் காய்ச்சலாக மாறி இருதயத்தைப் பாதிக்கும் என்பது நம் நாட்டுத் தாய்மார்கள் கேள்விப்பட்டதே. அதே காய்ச்சல் சில பிள்ளைகளுக்குக் கைகால்கள் தாமாகத் துள்ளும் நோயையும் கொண்டுவரும். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள் தவறுதலாக மூளையின் ஒரு பகுதியையே தாக்குவதால் அப்படி ஆகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் கழுவுதல், எண்ணுதல், சரிபார்த்தல் ஆகிய தொல்லைகளும் வருவதை அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் கவனித்தார்கள். துள்ளல் இல்லாமலே, தொண்டை வலியைத் தொடர்ந்து திடீரென்று இந்தத் தொல்லை மட்டும் வரும் பிள்ளைகள் உண்டு என்று 1998-இல் ஓர் ஆய்வுக் கூட்டத்தார் எழுதினார்கள். இதில் டாக்டர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் நேற்றுவரை விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ஒரே வாரத்தில் கையைக் கழுவிக் கழுவிப் புண்ணாக்கிக்கொண்டால், தாயத்துக் கட்டுபவரைத் தேடுமுன் டாக்டரிடம் தொண்டையைக் காட்டுங்கள்.

தலையில் அடிபட்டவர்களில் எல்லாருக்கும் இது வருவதில்லை, சிலருக்கே வருகிறது. ஓ.சி.டி. உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் காயம் எதுவும் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒளுவில் இரண்டுமுறை கை கழுவுகிறவரையெல்லாம் மூளை சிதைந்தவர் என்று பேசத் தொடங்கிவிடுவோம். ஒரு பட்டத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டுவது நமக்குப் பழக்கமான காரியம்.

மூளைக்குள் நடப்பது என்ன? நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே உள்ள பகுதி 'ஏதோ சரியில்லை' என்ற எச்சரிக்கையை எழுப்புவதில் சம்பந்தப்பட்டது. மூளையின் ஆழத்தில் சாம்பல் நிறத் திரட்சிகள் சில உண்டு. பேஸல் காங்க்ளியா என்பார்கள். முன்பகுதியிலிருந்து கிளம்பும் செய்தி இந்தத் திரட்சிகள் வழியாகச் சென்று, தாலமஸ் என்ற இடத்தைத் தொட்டு, மீண்டும் முன்பகுதிக்கே வந்து சேர்கிறது. நாம் கதவைப் பூட்டினோம். 'ஆயிற்று' என்று மனம் அடங்குகிறது. அடுத்த வேலைக்குப் போகிறோம். அந்த அடக்கம் வருவதற்கு இந்தச் சுற்றுப்பாதை ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். இது பழுதானால் எச்சரிக்கை அணையாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. கண் பூட்டைப் பார்க்கிறது, கை இழுத்துப் பார்க்கிறது, புத்தி 'பூட்டியாயிற்று' என்கிறது. 'ஆயிற்று' என்ற அந்த உணர்வு மட்டும் வந்து சேர்வதில்லை.

இனி ஷைத்தானுடைய விஷயம். 'எல்லாம் மூளைதான், ஷைத்தான் என்பதெல்லாம் பழங்கதை' என்று ஒரு சாரார் சொல்வார்கள். 'குர்ஆனில் கடைசி ஸூராவே வஸ்வாஸிலிருந்து பாதுகாவல் தேடத்தானே, மூளை எங்கே வந்தது?' என்று இன்னொரு சாரார் கேட்பார்கள். இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டும் என்று யார் சொன்னது? ஓயாத இரத்தப்போக்கால் வருந்திய பெண்மணிகள் இருவர் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்த செய்திகளைக் கிதாபுகளில் ஓதியிருக்கிறோம். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்களிடம், அது மாதவிடாய் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியில் வருகிறது. ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம், அது ஷைத்தானின் உதைகளில் ஒன்று என்ற கருத்தில் கூறியதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. ஒரே வகை வியாதி. ஒரு சொல்லில் நரம்பு, மறு சொல்லில் ஷைத்தான். இரண்டையும் நாம் ஏற்கிறோம். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் தள்ளுவதில்லை. இதைவிட முக்கியமானது, அந்தப் பெண்மணிகளில் ஒருவரையாவது 'நீ ஷைத்தானுக்கு இடம் கொடுத்தாய்' என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏசவில்லை. எப்படிக் குளிப்பது, எப்படித் தொழுவது என்று வழி காட்டினார்கள். ஆகவே சரீரத்தில் காரணம் இருக்கிறது என்று சொல்வதால் ஈமானுக்குப் பழுது வராது. ஷைத்தான் என்று சொல்வதால் நோயாளி குற்றவாளி ஆகிவிடவும் மாட்டார். தொழுகையிலும் ஓதுதலிலும் ஷைத்தான் வந்து குழப்புகிறான் என்று முறையிட்ட உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்கும் கிடைத்தது பரிகாரமே அன்றி ஏச்சு அல்ல.

நம் முன்னோர்களும் சரீரத்தை மறந்தவர்களல்லர். ஹிஜ்ரி 322-இல் காலமான அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடம்பின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே கிதாபில் சேர்த்து எழுதினார். மனத்தை விடாமல் அரிக்கும் வஸ்வாஸுக்கு அதில் தனி இடம் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் காலமான இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்கள் வஸ்வாஸுக்கு இரண்டு காரணங்களைச் சொன்னார்கள் என்பது ஷாஃபியீ மத்ஹபில் பிரசித்தம். ஒன்று, ஷரீஅத்தின் வழிமுறையை அறியாதிருப்பது. மற்றொன்று, இயற்கையாக அமைந்த புத்தியில் ஏற்படும் குறைவு. முதலாவதை மட்டும் நாம் நன்றாகப் பிடித்துக்கொண்டோம். 'மஸ்அலா தெரியாதவன்' என்று அதட்டுவதற்கு அது வசதியாக இருக்கிறது. இரண்டாவதைக் கிதாபிலேயே விட்டுவிட்டோம்.

இன்றைய அறிவைக்கொண்டு பார்த்தால் அந்த இரண்டாவது காரணத்தைச் சற்று விரித்துச் சொல்லலாம். குறைவது புத்தி அல்ல. அந்தச் சகோதரர் கடைக் கணக்கில் ஒரு பைசா தவறவிடுவதில்லை. முழங்கை நனைந்ததும் அவருக்குத் தெரியும். அறிந்ததன்மேல் மனம் போய் அமர்வதுதான் அவரிடம் குறைந்துவிட்டது.

இங்கேதான் ஷரீஅத்தின் அருமை தெரிகிறது. ஃபிக்ஹில் யகீன் என்று நாம் சொல்வது எதை? மனத்துக்குக் கிடைக்கும் இதத்தையா? அல்ல. தண்ணீர் பட்டது, பார்த்தோம், அறிந்தோம், அது யகீன். பிறகு வரும் சந்தேகம் அந்த யகீனை அழிக்காது என்பது சட்டத்தின் அடிப்படை. தொழுகையில் ஒளு முறிந்ததோ என்று மயங்குகிறவர் சப்தத்தைக் கேட்கும் வரை அல்லது வாடையை உணரும் வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்ற கருத்தில் ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. அங்கே காதும் மூக்கும் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன; மனத்தின் கலக்கம் அழைக்கப்படவில்லை. ஷரீஅத் கேட்பது உறுப்பில் தண்ணீர் படுவதை. 'பட்டது' என்று உள்ளம் குளிர்வதை அது நிபந்தனையாக வைக்கவே இல்லை. மூளையின் காயம் எதைப் பறித்துக்கொண்டதோ, அது ஒளுவின் ஃபர்ளுகளில் ஒன்றல்ல. எனவே அந்தச் சகோதரர் முதல் தடவை செய்த ஒளு கூடிவிட்டது. அது கூடவில்லை என்று அவருடைய உள்ளம் ஆயிரம் சாட்சி சொன்னாலும் கூடிவிட்டது.

அடிக்கடி சந்தேகம் வருகிறவருக்கென்று மத்ஹபுகளில் தனிச் சட்டமே இருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில், ஒளுவின் நடுவே ஓர் உறுப்பைக் கழுவினோமா என்ற சந்தேகம் முதல்முறையாக வந்தால் கழுவிக்கொள்ள வேண்டும்; அதுவே வழக்கமாகிவிட்டால் பொருட்படுத்தக் கூடாது. ஷாஃபியீ மத்ஹபில், ஒளுவை முடித்தபின் வரும் சந்தேகம் பாதிக்காது. மாலிகீ மத்ஹபினர் இப்படி நாள்தோறும் சந்தேகத்தால் தாக்கப்படுகிறவருக்கு 'முஸ்தன்கிஹ்' என்று பெயரே வைத்து, அவர் செய்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும் என்கிறார்கள். கவனியுங்கள்: சாதாரண மனிதர் மூன்றா, நான்கா என்று சந்தேகப்பட்டால் குறைந்ததை எடுத்துக்கொள்வார், இவரோ கூடியதை எடுத்துக்கொள்ள வேண்டும். நோய்க்குத் தக்கபடி சட்டமே திரும்புகிறது.

சகோதரியின் இரண்டாவது கேள்வி, கணவர் குற்றவாளியா என்பது. இதிலே இமாம் இப்னு அகீல் (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருவர் வந்து, பலமுறை தண்ணீரில் மூழ்கி எழுந்தும் குளிப்பு நிறைவேறியதா என்ற சந்தேகம் தீரவில்லை என்றாராம். உமக்குத் தொழுகையே கடமையில்லை, போய்விடும் என்று பதில் வந்ததாம். ஏன் என்று கேட்டதற்கு, பைத்தியக்காரனுக்குக் கடமை இல்லை. தண்ணீரில் மூழ்கியும் நனைந்தோமா என்று கேட்கிறவன் பைத்தியக்காரன்தானே என்றார்களாம். மதரஸாவில் இதைச் சொல்லிச் சிரிப்போம். அறியாமையால் வஸ்வாஸில் விழுந்தவரைத் தட்டி எழுப்ப இது நல்ல அடி. ஆனால் மெய்யாகவே நோயுற்றவரிடம் இதைச் சொன்னால் அவர் தொழுகையை விட்டுவிடுவார். அல்லது இரவெல்லாம் அழுவார். சட்டமாக எடுத்துக்கொண்டாலும் இது பொருந்தாது. மஜ்னூனுக்குத் தன் மயக்கம் தெரியாது. இவருக்கோ தெரிகிறது; தான் செய்வது அர்த்தமற்றது என்று தெரிந்தே செய்கிறார், செய்துகொண்டே வெட்கப்படுகிறார். பேனா உயர்த்தப்பட்டவர்களின் வரிசையில் இவரை வைக்க முடியாது. முழுச் சுதந்திரத்தோடு வீண்விரயம் செய்கிறவரின் வரிசையிலும் வைக்க முடியாது.

அப்படியானால் எங்கே வைப்பது? சிறுநீரை அடக்க முடியாத நோயாளியை ஃபிக்ஹ் எங்கே வைத்திருக்கிறதோ, அங்கே என்பது என் எண்ணம். அவருடைய சிறுநீர்ப்பை சொன்னபடி கேட்பதில்லை. அதற்காக அவரை யாரும் அசுத்தத்தில் பிரியமுள்ளவர் என்று சொல்வதில்லை. தொழுகையை விடவும் சொல்வதில்லை. தொழுகை நேரம் வந்ததும் சுத்தம் செய்து ஒளுச் செய்து தொழச் சொல்கிறோம். தொழும்போதே சொட்டினாலும் தொழுகை கூடும் என்கிறோம். சக்திக்கு உட்பட்டது கடமை, சக்திக்கு அப்பாற்பட்டது மன்னிப்பு. ஸூரத்துல் பகராவின் கடைசி ஆயத்து நமக்குக் கற்றுத்தருவதும் இதுவே. வஸ்வாஸ் நோயாளிக்கும் இதே கணக்குத்தான். சந்தேகம் தோன்றுவது அவர் கையில் இல்லை. அதற்குக் கேள்வி இல்லை. அந்தச் சந்தேகத்துக்குக் கீழ்ப்படிந்து திரும்பக் கழுவுவதில் அவருக்கு எவ்வளவு சக்தி மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும் தராசு பள்ளிவாசல் திண்ணையில் இல்லை.

ஒருவர் கேட்கலாம்: 'இப்படியே போனால் திருடனும் பொய்யனும் மூளையைக் காட்டித் தப்பித்துக்கொள்ள மாட்டார்களா?' நியாயமான கேள்விதான். திருடன் திருட்டை விரும்புகிறான், அதனால் லாபம் அடைகிறான், அதை மறைக்கவும் செய்கிறான். இவர் தம் செயலை வெறுக்கிறார். அதனால் தூக்கத்தையும் ஜமாஅத்தையும் வருமானத்தையும் இழக்கிறார். விட்டுவிட வழி தெரிந்தால் இன்றே விட்டுவிடுவார். இரண்டையும் ஒரே கோலால் அளக்க முடியாது. குணமே மாறிப்போகும்படியான மூளைக் காயங்களும் உண்டு. அவற்றின் சட்டத்தைத் தனிக் கட்டுரையில்தான் பார்க்க வேண்டும்.

நோய் என்றாகிவிட்டால் முயற்சிக்கு இடமில்லை என்று எண்ணிவிடவும் கூடாது. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களிடம் வஸ்வாஸுக்கு மருந்து கேட்கப்பட்டபோது, அதை முழுவதுமாகப் புறக்கணிப்பதே பயனுள்ள மருந்து, உள்ளத்தில் எவ்வளவு தயக்கம் இருந்தாலும் சரி என்ற கருத்தில் பதிலளித்தார்கள். இதையொத்த வழியை 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற மனநல அறிஞர் நோயாளிகளிடம் பயன்படுத்தி எழுதினார். அஞ்சும் பொருளைத் தொடவைத்து, கழுவவிடாமல் தடுத்துப் பார்த்தார். கலக்கம் முதலில் ஏறியது, பிறகு தானாக இறங்கியது. இன்று உலகெங்கும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. பயிற்சி பெற்றவர் துணையோடு படிப்படியாகச் செய்கிறார்கள். பிறகு 1992-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் லூயிஸ் பாக்ஸ்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் மூளையைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் பிடித்தார்கள். சிலருக்கு மருந்து கொடுத்தார்கள். சிலருக்கு மருந்தில்லாமல் இந்தப் புறக்கணிப்புப் பயிற்சியை மட்டும் கொடுத்தார்கள். குணமடைந்தவர்களைப் பார்த்தபோது, இரு சாராரிலும் மூளையின் ஆழத்தில் காடேட் என்ற அதே திரட்சியின் மிதமிஞ்சிய வேலை தணிந்திருந்தது. மனிதன் உறுதியோடு ஒரு செயலை விடுவது அவனுடைய மூளைக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. முஜாஹதா என்று நாம் ஓதிய சொல்லுக்கு இப்படி ஒரு விளக்கம் கிடைத்தது எனக்கு மிகுந்த ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பாரிஸ் நோயாளிகளைப் போல் அந்தத் திரட்சிகளே சிதைந்துபோனவருக்கு இது அவ்வளவு எளிதில் பலிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவரிடம் 'மனத்தை உறுதியாக்கு' என்று மட்டும் சொல்வது கால் முறிந்தவரை ஓடச் சொல்வது போன்றது.

ஆகவே அந்தச் சகோதரரின் பொறுப்பு எதிலே இருக்கிறது என்று கேட்டால், சிகிச்சைக்குச் சம்மதிப்பதில் இருக்கிறது என்பேன். முதலில் தலைக் காயத்தைப் பார்த்த டாக்டரிடமே போய் இந்தப் புதுப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் மனநல மருத்துவரிடம் அனுப்பினால் வெட்கப்படாமல் போக வேண்டும். வைத்தியம் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அதில் நெஞ்சு வலிக்கு ஒரு சட்டம், மூளைக்கு ஒரு சட்டம் என்று பிரிக்கவில்லை. பாதுகாவல் தேடும் ஸூராக்களை ஓதிக்கொள்வதும் துஆச் செய்வதும் இதனோடு சேர்ந்தே நடக்கட்டும்.

வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 'முழங்கை நனைந்ததா?' என்று அவர் கேட்கிறார். அன்பினால் மனைவி 'நனைந்தது' என்கிறார். இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் கேட்கிறார், மீண்டும் பதில் கிடைக்கிறது. ஒவ்வொரு பதிலும் சற்று நேரம் ஆறுதல் தருகிறது. அடுத்த கேள்விக்கு அதுவே தீனியாகிறது. ஒருமுறை சொல்லுங்கள். மறுமுறை கேட்டால், 'இது உங்கள் வியாதி கேட்கும் கேள்வி. இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை' என்று மென்மையாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். கோபம் வேண்டாம், கேலி வேண்டாம். பிள்ளைகள் முன்னால் 'வாப்பாவின் தண்ணீர்ப் பைத்தியம்' என்ற பேச்சே வேண்டாம். ஆலிம்களாகிய நாங்களும் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். ஒரே மஸ்அலாவை ஒருவர் பத்தாவது முறை கேட்கும்போது புதிய ஆதாரங்களை அடுக்குவது அவருக்கு உபகாரமல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரை அளவில் குளிப்பும் முடித்ததாக ஸஹீஹான ஹதீஸ்களில் வருகிறது. ஒரு முத்து என்பது அரை லிட்டருக்குச் சற்றுக் கூடவே இருக்கும். அந்த அளவுக்கு ஒரு செம்பை எடுத்து வைத்து, அது காலியானதும் எழுந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டால் சிகிச்சைக்கும் துணையாக இருக்கும்.

இந்த வியாதியில் ஆண்களைவிடப் பெண்கள் வெளியே தெரியாமல் அதிகம் வாடுகிறார்கள் என்பது நான் கண்டது. கைக்குழந்தையின் சிறுநீர் எங்கே தெறித்ததோ என்று நாள் முழுக்கத் தரையைக் கழுவும் தாய். மாதவிடாய் நின்றதா என்று நூறுமுறை பார்க்கும் பெண். சலவை சோப்பில் விரல்கள் வெடித்துப்போன மருமகள். 'ரொம்பச் சுத்தக்காரி' என்று ஊர் மெச்சும். மெச்சுவதாலேயே அவளுக்கு வைத்தியம் கிடைக்காமல் போய்விடும். பேணுதல் என்பது வேறு. பேணுதலுள்ளவர் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வார், நிறுத்தியபின் நிம்மதியாக இருப்பார்.

இன்னும் சிலருக்குக் கழுவுதல் இல்லை. எண்ணம் மட்டுமே வரும். அல்லாஹ்வைப் பற்றியும் ரஸூலைப் பற்றியும் வாயால் சொல்லக் கூசும் எண்ணங்கள், தொழுகையில் நிற்கும்போதே வரும். 'நான் காஃபிராகிவிட்டேனா?' என்று நடுங்கிக் கலிமாவைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வாயால் சொல்லவும் அஞ்சும்படியான எண்ணங்கள் எங்களுக்கு வருகின்றன என்று ஸஹாபாக்களே வந்து முறையிட்டபோது, அந்த அச்சம் தெளிவான ஈமானின் அடையாளம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் தந்ததாக முஸ்லிமில் வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஒரு ஹதீஸை விளக்கிச் சொல்வதே பாதி மருந்து.

இந்த நோயுள்ள கணவன்மாரில் சிலரை வேறொரு பயம் பிடித்துக்கொள்ளும். 'சாப்பாடு வேண்டாம்' என்று சொன்னதுகூட தலாக் ஆகிவிட்டதோ என்று தவிப்பார்கள். மனத்துக்குள் அந்தச் சொல் ஓடியதாலேயே நிக்காஹ் முறிந்ததாக எண்ணி மனைவியை விட்டு ஒதுங்கிப் படுப்பார்கள். வஸ்வாஸ் உள்ளவரின் தலாக் செல்லாது என்ற உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்களின் கூற்றை இமாம் புகாரி (ரஹ்) தம் கிதாபில் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளத்தில் ஓடுவது, சொல்லாகவோ செயலாகவோ ஆகாத வரை மன்னிக்கப்பட்டது என்பதும் ஹதீஸின் கருத்தே. அப்படிப்பட்டவர்கள் ஊர் ஊராகப் போய் ஃபத்வா கேட்க வேண்டாம். நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் ஒருமுறை கேட்டு அதோடு விட்டுவிட வேண்டும்.

மருந்து சாப்பிடுவதைப் பற்றியும் அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். இந்த வியாதிக்குக் கொடுக்கப்படும் ஃப்ளூவாக்ஸிடின் போன்ற மாத்திரைகள் பலன் காட்ட வாரங்கள் ஆகும். பத்து நாளில் குணமில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. குணம் தெரிந்ததும் தாமாக நிறுத்துவதும் கூடாது. இவற்றில் பல நாளைக்கு ஒரு வேளை சாப்பிடுபவையே. ரமழான் வருமுன் டாக்டரிடம் போய், இஃப்தாருக்குப் பின்னோ ஸஹர் நேரத்திலோ மாற்றித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். மாற்ற முடியாது என்று அவர் சொன்னால் நோயாளிக்குரிய சலுகை இவருக்கும் உண்டு. விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம்; அதை ஒரு நாளுக்கு ஒரு நாள் என்று ஒருமுறை மட்டும் நோற்க வேண்டும். 'அது கூடியிருக்காதோ' என்று இரண்டாம் முறை நோற்க வேண்டியதில்லை.